வெள்ளிப் பெயின்ட் அடித்த மூடி

“தொட்டுறாதீங்க. இன்னும் காயல” என்றாள் பவுலின்.

சூசைரட்ணம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் படங்குச் சாக்கை விரித்து, பெற்றோல் டாங்கியை அதன்மேல் கிடத்தியிருந்தாள். கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக நின்று அவள் கிடத்துகிற அதே பக்குவம். தேயிலை அரைக்கிற ஸ்டோரின் கூரைக்கு அடித்து மீந்த வெள்ளி நிறப் பெயின்ட் ஒரு பால்மா டின்னில் இருந்தது. பிரஷ், அவன் தூக்கி எறிந்த சவர பிரஷ். அது மயிர் உதிர்த்துக்கொண்டே இருந்தது. டாங்கி முடிந்ததும் மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓரம், நடு என்று ஒரு இடம் விடாமல் இரண்டு தரம் பூசினாள்.

“மூடிக்கு எதுக்கு இம்புட்டு?”

“ஒங்களுக்கு இஞ்சின்தான் தெரியும். பாக்குறவங்களுக்கு மூடிதான் தெரியும்.”

மூக்கின் நுனியில் ஒரு பொட்டு வெள்ளி ஒட்டியிருந்தது. அவன் சொல்லவில்லை. சொன்னால் துடைத்துவிடுவாள்.

கொத்மலையில் அணை வேலை முடிந்து வெள்ளைக்காரர்கள் சாமான் கட்டிப் போனபோது, மலை அளக்கிறவர்கள் ஓட்டித் திரிந்த அந்த நாலு சக்கர மோட்டர் சைக்கிள் தோட்டத்துத் துரையின் கைக்கு வந்தது. துரை எண்ணெய் பார்க்காமல் ஓட்டினார். இஞ்சின் இறுகி நின்றது. ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு மழைக்காலம் கிடந்து துருவேறியது. துரை மாற்றலாகிப் போக, புதிதாக வந்தவர், “இந்தக் கழிவை யாராவது எடுத்துக்கொண்டு போங்க” என்றார். ஸ்டோரில் டீசல் இஞ்சின் பார்க்கிற சூசைரட்ணம் எடுத்துக்கொண்டு வந்தான். லயத்தார் அதற்கு நாலுகாலி என்று பெயர் வைத்தார்கள்.

அவன் அதை எடுத்தது விளையாட்டுக்கு இல்லை. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு லயங்கள் பள்ளத்தில் இருந்தன. லொறி வருகிற ரோடு மேலே. நடுவில் தேயிலைக்குள் வளைந்து ஏறும் குறுகிய பாதை. யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்கிப் போவார்கள். பவுலினுக்கு மூச்சிழுப்பு நோய். முந்தின மழைக்கு அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிழைத்து வந்தவள் ஒன்றுதான் சொன்னாள்: “உசிரோட இருக்கையிலயே பொணம் மாதிரி தூக்கிட்டுப் போறாங்க. மேல வானம் மட்டுந்தான் தெரியுது. இனிமே என்னைய கம்பளியில போடாதீங்க.”

ஹட்டனில் தேடி வாங்கிய பிஸ்டன் ரிங்குகளைப் போட்டான். மாதா கோயில் கலண்டரின் தடித்த அட்டையைக் கத்தரித்துக் கேஸ்கெட் செய்தான். கார்பரேட்டரின் துளைகளை ஈர்க்குக் குச்சியால் குத்தி ஊதினான். டாங்கிக்குப் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்த நாட்களில், அடியை வெட்டிய ஒரு போத்தலைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய் போட்டு ஓட்டிப் பார்த்தான். இஞ்சினை முடுக்குகிற கயிற்றை இழுத்ததும் பிடித்தது. தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் நிற்காமல் ஓடியது. பவுலின் கைதட்டினாள்.

டாங்கியைப் பூட்டிப் பாதையில் ஏற்றியபோதுதான் வினை தொடங்கியது. பாதி ஏற்றத்தில், மாதா சிலை வைத்த கெபி இருக்கும் வளைவில், இருமி இருமி நின்றது. பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தான். இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தான். பிடித்தது. மறுநாளும் அதே இடம், அதே இருமல். பிளக்கை மாற்றினான், பொயின்ட் தேய்த்தான், கார்பரேட்டரைத் திரும்பவும் கழற்றினான். வளைவு வந்ததும் நின்றது. மூடியைத் திறந்து பார்த்து, சற்று நேரம் விட்டு இழுத்தால் ஓடியது. சூடேறி நிற்கிறது, ஆறவிட்டால் சரி என்று முடிவுக்கு வந்தான். ஸ்டோர் இஞ்சினுக்கு டாங்கி சுவரில் மேலே இருக்கும். அதன் வாயில் ஒரு தகரத்தைச் சும்மா சாத்தி வைத்திருப்பார்கள். டாங்கியைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை அவனுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

கொழுந்து லொறி ஓட்டுகிற சோலைமலை ரோட்டோரத்தில் நின்று சிரித்தான்.

“என்னா மச்சான், ஒன் வண்டிக்கு பக்தி முத்திப்போச்சா? மாதாவக் கும்பிடாம ஏறமாட்டேங்குது!”

“ஒன் லொறி கள்ளுக்கடையில நிக்கிறதுக்கு இது தேவலடா” என்றாள் பவுலின், கணவனுக்கு முந்திக்கொண்டு.

ஆடி மழை பிடித்த ஒரு மத்தியானம் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆள் ஓடிவந்தது. பவுலின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள்கள் மேலேறி இறங்கின. அவளைப் பின்னால் ஏற்றி, சீலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் பிடித்தது. அவள் கன்னம் அவன் முதுகில் இருந்தது. மழைச் சத்தத்துக்குள்ளும் அவள் நெஞ்சின் விசில் அவனுக்குக் கேட்டது.

மாதா வளைவில் வண்டி இருமி நின்றது.

பெற்றோல் பார்க்க வேண்டிய தேவை இல்லை. இப்படி ஒரு நாளுக்கென்றே டாங்கியை வாய்வரைக்கும் நிரப்பி வைத்திருந்தான். அதோடு, மூடியைத் திறந்தால் மழைத் தண்ணீர் இறங்கிவிடும். மழைக்குத் தலையில் போட்டிருந்த படங்கை எடுத்து, டாங்கியை நன்றாக மூடிக் கட்டினான். ஆறட்டும் என்று பொறுத்தான். இழுத்தான். இரண்டு வெடிப்பு, பிறகு ஒன்றும் இல்லை. இழுத்தான். உள்ளங்கை கிழிந்தது. அவன் கயிற்றை இழுப்பதும் அவள் மூச்சை இழுப்பதும் மாறி மாறி நடந்தன.

கீழேயிருந்து ஆட்கள் கம்பளியோடு ஏறி வந்தார்கள். பவுலின் கம்பளியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“இன்னொருக்கா... இழுத்துப் பாருங்க.”

இழுத்தான். எத்தனை தரம் என்று அவனுக்குத் தெரியாது. யாரோ அவன் தோளைப் பிடித்து விலக்கினார்கள். சீலை முடிச்சை அவிழ்க்க அவனால் முடியவில்லை, ஈரத்தில் இறுகியிருந்தது. பிள்ளைக்காம்பராக் காளியாயிதான் பல்லால் கடித்து அவிழ்த்தாள். மேலே சோலைமலையின் லொறி கொழுந்துச் சாக்குகளை ரோட்டிலேயே தள்ளிவிட்டுக் காத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் விசில் நின்றது. சோலைமலை அதன் பிறகும் வேகத்தைக் குறைக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் சூசைரட்ணம் இஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றினான். ரிங் நன்றாக இருந்தது. பிளக் நன்றாக இருந்தது. கலண்டர் அட்டைகூட எரியாமல் இருந்தது. ஒரு குறையாவது அகப்பட்டால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரலாம் என்றுதான் தேடினான். அகப்படவில்லை. திரும்பப் பூட்டி, லயத்துக் கோடியில் தகரம் போட்டு மூடி வைத்தான்.

தை மாத வெயிலில் சோலைமலை வந்தான். அவன் சிரித்துக்கொண்டு வருவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“மச்சான், நம்ம லயத்து வீரம்மாவுக்கு நெறமாசம் ஆகிருச்சு. பிள்ளை குறுக்கால கெடக்குன்னு மருத்துவச்சி சொல்றா. அந்த வண்டிய ஒருக்கா பாரு.”

“அது ஓடாதுடா.”

“ஓடுற வரைக்கும் ஓட்டு. நிக்கிற எடத்துலருந்து நாங்க தூக்குறோம்.”

சோலைமலையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தான். மாதா வளைவில் நின்றது. சூசைரட்ணம் எதுவும் எண்ணாமல், பழைய பழக்கத்தில், மூடியைத் திருகினான். டாங்கி ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. நீளமாக, தொண்டை அடைத்த ஆள் இழுப்பதுபோல. மழை இல்லை, காற்று இல்லை. இருவருக்கும் கேட்டது.

“இது காத்துக்குத்தான்டா தவிக்குது” என்றான் சோலைமலை. மூடியை வாங்கி வெயிலில் திருப்பினான். “இதுல நடுவுல ஊசித் தொளை ஒண்ணு இருக்கணுமே. காத்து உள்ள போனாத்தானே பெற்றோல் கீழ எறங்கும்? பெயின்ட்ல அடைச்சிருக்கு பாரு. ஒரு நிமிஷ வேலை.”

சட்டையில் பொத்தானுக்குப் பதில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினான். சூசைரட்ணம் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“வேணாம்.”

“ஏன்டா?”

சூசைரட்ணம் மூடியை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். சோலைமலை மூடியைப் பார்த்தான்; வெள்ளி மின்னும் டாங்கியைப் பார்த்தான். பிறகு ஊக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு, கெபியின் பக்கம் திரும்பி நின்றான்.

சூசைரட்ணம் மூடியை இறுக்காமல், அரைத் திருகு தளர்த்தி வைத்துக் கயிற்றை இழுத்தான். வண்டி வளைவைத் தாண்டியது. ரோடுவரைக்கும் இருமவே இல்லை. மேலே போனதும் அவன் இறங்கவில்லை, இஞ்சினையும் நிறுத்தவில்லை. வெகுநேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

வீரம்மா அதில்தான் ஏறிப் போனாள். அவளுக்குப் பிறகும் எத்தனையோ பேர் போனார்கள். மூடி தளர்ந்தே இருக்கும். மழை நாளில் அதன்மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டிக்கொள்வான். ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்குவதில்லை. துளையை அவன் குத்தவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், பெயின்டுக்குள் புதைந்து, சவர பிரஷின் ஒற்றை மயிர் வளைந்து கிடக்கிறது.