வலப்பக்கம் பழகிய கை

யோகேந்திரன் பட்டறைக்குள் வந்ததும் லோரியைப் பார்க்கவில்லை. சின்னையாவைத்தான் பார்த்தார்.

"பெருசு, கைய நீட்டு."

சின்னையா நீட்டினார். ஐம்பத்தெட்டு வயது. யோகேந்திரனின் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாக, எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுகிறார். நீட்டிய புறங்கையில் யோகேந்திரன் ஒரு துண்டுத் தாளை வைத்தார். தாள் நடுங்கியது.

"பாத்தீங்களா? காத்தாடியே இல்ல, காத்து வருது லா!"

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். சின்னையாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

லோரி இடப்பக்கம் இழுக்கிறது என்று அவர் எட்டு மாதமாகச் சொல்லிவந்தார். லோரிக்கு ஒன்றுமில்லை, கிழவன் கை போய்விட்டது என்றார் முதலாளி. அதைத் தீர்க்கத்தான் பீடோங்கில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வண்டி வந்தது. கோளாறு கையில் என்றால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

"சும்மா ஓடும்போதே இழுக்குதா அண்ணே, இல்ல பிரேக் அடிச்சாதானா?" என்று கேட்டேன்.

"அடிச்சாதான் தம்பி. மத்தபடி கோடு போட்ட மாரி நேரா போகும்."

அப்படியென்றால் ஸ்டியரிங்கில் கோளாறு இருக்காது. இருந்தாலும் பார்த்தேன். முன் டயர்களில் காற்று சமமாக இருந்தது. இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டேன். அப்போதும் இடப்பக்கமே இழுத்தது. முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரங்களை அசைத்தேன். ஆட்டமில்லை. செமிலிங் வரை ஓட்டி, வழியெல்லாம் பிரேக் பிடித்துவிட்டுத் திரும்பினேன். இறங்கியதும் முன்சக்கரப் பிரேக் டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோனேன். இடது டிரம்மின் பக்கம் சூட்டில் போக முடியவில்லை. வலது டிரம்மில் கையை வைத்துக்கொண்டே நிற்க முடிந்தது.

வலது பிரேக் பிடிக்கவே இல்லை. இடது மட்டும் பிடித்ததால் வண்டி அந்தப் பக்கம் போனது. திறந்து பார்த்தேன். சக்கரத்து எண்ணெயை அடைக்கும் சீல் கசிந்து, டிரம்மைப் பிடிக்க வேண்டிய லைனிங் முழுக்க எண்ணெய்.

சின்னையா அந்த லைனிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுறேன் தம்பி. மூட்ட கட்ட வேணாம்னு."

இரண்டு பக்கமும் புது லைனிங் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

மறுநாள் காலை யோகேந்திரன் வந்தார். "சரி, பெருசு ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன். சசி, நீயும் ஏறு. உன்னத் தேடத்தான் வீட்டுல ஆளில்லயே."

என் மனைவி காஞ்சனா இறந்து ஏழு மாதம். நான் ஏறி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

மெர்போக் சாலையில் வேகம் பிடித்ததும் யோகேந்திரன் கத்தினார்: "அடி பிரேக்க!"

சின்னையா மிதித்தார். லோரி வலப்பக்கம் பாய்ந்து எதிர்த் தடத்தில் போய் நின்றது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள் புல்லில் இறங்கிச் சாய்ந்தது. ஒரு மலாய்ப் பெண் எழுந்து நின்று, கண் தெரியாதா என்று அவள் மொழியில் திட்டினாள். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி ஓட்டிக்கொண்டு போனாள்.

நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எட்டு மாதமாகப் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்த கை அது. வண்டி திருந்தினாலும் கை இழுக்கும். அதனால் முதலில் காலி இடத்தில் ஓட்டிப் பழகவிட வேண்டும். படித்தவனுக்கு இது தெரியும். இன்னும் கட்டிலில் சுவரோரம் ஒதுங்கிப் படுப்பவனுக்கு நன்றாகவே தெரியும். சொல்லவில்லை. காரணம் எதுவும் இல்லை.

இப்போது சொன்னேன். "லோரி நல்லா இருக்கு பாஸ். அண்ணன் கைதான் இழுத்து இழுத்துப் பழகிருச்சு. ரெண்டு நாள் காலி லோரிய ஓட்டினா சரியாயிடும்."

"அப்ப கோளாறு கையில."

"பழக்கம் பாஸ்."

"கத வேணாம். லோரியிலயா, கையிலயா? ஒண்ணு சொல்லு."

சின்னையா என்னையே பார்த்தார். லோரியில் ஒன்றும் இல்லை. அதைச் சரிசெய்தவன் நான்.

"கையிலதான்."

"இதத்தான் நான் மொதல்லயே சொன்னேன். இதுக்கு ஒரு டிப்ளோமா." யோகேந்திரன் சின்னையாவின் பக்கம் சாய்ந்தார். "எறங்கு."

"பாஸ், எட்டு மாசமா சொன்னேனே. ஒரு தடவ பாத்திருந்தீங்கன்னா…"

"எறங்கு லா."

சின்னையா வெறுங்காலுடன் ஓட்டுபவர். குனிந்து செருப்பைத் தேடினார். ஒன்று அகப்பட்டது. மற்றது யோகேந்திரனின் காலடியில் கிடந்தது. அவர் அதை எடுத்து, தன் பக்கத்து ஜன்னல் வழியாகச் சாலைக்கு அந்தப் பக்கக் கால்வாயில் எறிந்தார்.

"போய் எடுத்துக்க. நீ ஓட்டு சசி."

நான் நகர்ந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டியைப் பின்னுக்கு எடுத்து எங்கள் தடத்துக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடியில் சின்னையா கால்வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

முச்சந்தியில் பிரேக் பிடித்தேன். லோரி நேராக நின்றது.

"நல்லா செஞ்சிருக்க," என்றார் யோகேந்திரன்.

"தேங்க்ஸ் பாஸ்," என்றேன்.