கடைசி வீட்டில் கோப்பை

மாநிலக் கோப்பையை ஜெயித்துக்கொண்டு வந்ததும் எங்கள் கால்பந்துப் பையன்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். பள்ளிக்கூடத்து அலமாரிக்குள் போவதற்கு முன்னால் கோப்பை ஒவ்வொரு ஆட்டக்காரன் வீட்டிலும் ஒரு நாள் இருக்க வேண்டும். பதினெட்டுப் பையன்கள், பதினெட்டு நாள். தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்தார். ஆசைப்படுகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். பி.டி. வாத்தியார் அமிர்தநாதன் பேச்சுக்கு அந்த மாதம் மறுபேச்சே கிடையாது. இருபத்தாறு வருஷம் வெயிலில் நின்று கத்தியவனுக்கு அப்போதுதான் மரியாதை என்ற ஒன்று வந்து சேர்ந்திருந்தது.

எங்கள் சுரங்க டவுன்ஷிப்காரர்களுக்குக் கொண்டாடச் சொல்லித்தர வேண்டுமா? முதல் வீட்டில் கோப்பைக்கு ஆரத்தி எடுத்துத் திருநீறு பூசினார்கள். கேப்டன் ஆனந்த்ராஜ் வீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்து ஜெபமாலை சொன்னார்கள். இன்னொரு குவார்ட்டர்ஸில் சேமியா பாயசத்தை அதிலேயே ஊற்ற, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா முதல் ஆளாகக் குடித்தார். கோப்பையின் உள்பூச்சு உரிந்துபோனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கடைசி வீடு சுபாஷ் வீடு.

சுபாஷ் எங்கள் லெஃப்ட் பேக். கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவன். அப்பா சின்னதுரைக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. போன ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் காலைப் பயிற்சியில் சுபாஷ் மைதானத்திலேயே விழுந்து இறந்துபோனான். இதயத்தில் பிறவிக் கோளாறு என்றார்கள் டாக்டர்கள். பையன்கள் மீதி ஆட்டங்களையெல்லாம் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டுதான் ஆடினார்கள். பதினெட்டில் அவனையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, வலையைக் கழற்றிக்கொண்டிருந்த என்னிடம் சுபாஷ் வந்தான். ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது என்றான். மாவட்டப் போட்டிக்கு நாலு நாள்தான் இருந்தது. நடிக்காதேடா, காலையில் ஆறு மணிக்கு வந்து சேர் என்றேன். வந்தான், பத்து நிமிஷம் தாமதமாக. பன்னிரண்டு சுற்று ஓடச் சொன்னேன். ஒன்பதாவது சுற்றில் விழுந்தான். விசாரணையில், அவன் என்னிடம் எதுவும் சொன்னதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ரிட்டையராக இரண்டு வருஷம் இருந்தது. அதுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

பாராட்டு விழா அன்று காலை கோப்பையை வாங்கிவரப் போன ஆனந்த்ராஜ் வெறுங்கையோடு திரும்பினான். சுபாஷின் அம்மா தர மறுத்துவிட்டாராம். சார் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றாராம்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா கனகம் எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கோப்பையை விளக்கிப் பளபளவென்று வைத்திருந்தார். அவர் மடியில் செல்போன் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பதிவு செய்கிறார், யாரோ வக்கீல் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று என் புத்தி போயிற்று.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மொத நாளு நெஞ்சு வலிக்குதுன்னு சுபாஷு உங்ககிட்ட சொன்னானுங்களா?"

"இல்லம்மா. எங்கிட்ட எதுவும் சொல்லல."

திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. போனை அணைப்பதற்காக அவர் எடுத்தபோதுதான் பார்த்தேன். பதிவு எதுவும் இல்லை. எங்கள் இறுதி ஆட்டத்தின் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டிருந்தார்.

"அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட சொன்னான் சார். காலைல ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடான்னு கூப்ட்டுகினே இருந்தேன். சார்கிட்ட சொல்லிட்டேன், ஒண்ணுமில்லன்னுட்டாருன்னான். பசங்க ஒடம்பு அவருக்குத் தெரியாதான்னு நானும் வுட்டுட்டேன்." கோப்பையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "மேட்ச்சு போயிடும்னு எங்கிட்ட பொய் சொல்லியிருக்கான். அப்ப தெரிஞ்சது எனக்கு மட்டுந்தான். தெரிஞ்சே அனுப்பிட்டேன்."

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து மாதமாக அந்த அம்மா பாதிப் பழியைத் தன் மேலும் பாதியை என் மேலும் போட்டு எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தார். என் பாதியையும் எடுத்து அவர் தலையிலேயே வைத்துவிட்டேன். செத்த பிள்ளையைப் பொய்யனாகவும் ஆக்கிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கோப்பையைத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் கொடுத்தார். வாசல் வரை கூடவே வந்தார்.

"மத்த பசங்களுக்கு ஒண்ணு சொல்லுங்க சார். வலின்னா வூட்டுல சொன்னா மட்டும் பத்தாது, உங்ககிட்டயும் சொல்லணும்னு. எங்களுக்கு அவ்ளோ வெவரம் தெரியாது."

சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் மேளம், சரவெடி, பொன்னாடை எல்லாம் தடபுடலாக நடந்தது. பையன்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றிவந்தார்கள். கடைசியில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். உடம்புக்கு ஒன்று என்றால் உங்கள் வாத்தியாரிடம் சொல்லுங்கள், சுபாஷ் மறைத்த மாதிரி யாரும் மறைக்காதீர்கள் என்று பேசினேன். குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மூன்றாவது வரிசையில் கனகம் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது சரிதான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.