கடைசிப் பெட்டி உள்ளே வந்தது

அந்த ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி ஏறியவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை. நிலக்கரியும் சிமென்ட்டும் மட்டுமே போய்வந்த ஒற்றைப் பாதை அது. பயணிகள் ரயிலும் அதில் ஓட வேண்டுமென்று பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுக் கனமான தண்டவாளம் போட்டு, சிக்னல்களையும் மாற்றினார்கள். சரக்கு வண்டி ஒதுங்கி நிற்கப் பக்கத்திலேயே நீளமான ஒரு லூப் லைன். இன்று முதல் ரயில் வருகிறது. காலையிலிருந்தே ஸ்டேஷன் மாஸ்டர் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று புது பெஞ்சைத் தொட்டுப் பார்த்து விரலைப் பச்சையாக்கிக்கொண்டார். பிளாட்பாரத்தில் எள் விழ இடமில்லை. ஏறுகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம்.

முதலில் சரக்கு வண்டி வந்து லூப்பில் ஒதுங்க வேண்டும். பின்னாலேயே வரும் பயணிகள் ரயில் மெயின் லைனில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்திப் போகும். சரக்கு வண்டியை ஓட்டி வருகிறவர் மாஸ்டர் அம்மாவின் வீட்டுக்காரர். இன்றைக்கு நீ சொன்ன இடத்தில்தான் நான் நிற்க வேண்டும் என்று அவர் கிளம்பும்போது சிரித்திருந்தார்.

அப்போதுதான் கன்ட்ரோல் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. சரக்கு வண்டியில் கடைசி நேரத்தில் இரண்டு பெட்டிகளைக் கூடுதலாகக் கோத்துவிட்டார்களாம். லூப்பில் அடங்குமா என்று கேட்டார். அடங்காவிட்டால் முதல் நாளே பயணிகள் ரயிலை வெட்டவெளியில் காக்கவைக்க வேண்டியதுதான். மாஸ்டர் அம்மா, தண்டவாளப் பிரிவுகளைக் கவனிக்கும் பாயின்ட்ஸ்மேனோடு கணக்குப் போட்டுப் பார்த்தார். வழக்கம்போல சிக்னலிலிருந்து தள்ளி நிறுத்தினால் வால் மெயின் லைனில் கிடக்கும். சிக்னல் கம்பத்தை ஒட்டி நிறுத்தினால் அடங்கும்.

"அடங்கும் சார். அனுப்புங்க."

போனை வைத்த கையோடு வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டார்.

சரக்கு வண்டி ஆடி அசைந்து லூப்பில் நுழைந்தது. லூப் பிரிகிற இடத்தில் வெள்ளையடித்த கல் ஒன்று உண்டு. கடைசிப் பெட்டி அதைத் தாண்டினால்தான் மெயின் லைனைத் திறக்கலாம். வால் எங்கே இருக்கிறதென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பின்னால் இருக்கும் கார்டுக்குத்தான் தெரியும். மாஸ்டர் அம்மா வாக்கிடாக்கியோடு பிளாட்பாரத்தின் முன்கோடிக்கு ஓடினார். என்ன ஏதென்று தெரியாமலே பாதிக் கூட்டமும் கூட ஓடியது.

இன்னும் ஒரு பெட்டி வெளியே நிற்கிறது என்றார் கார்டு. என்ஜினுக்கு எதிரே சிவப்பு விளக்கு. அதை இம்மி தாண்டினாலும் வேலை போய்விடும்.

"மேடம், சிக்னல் என் மூக்குல இடிக்குது."

"இன்னும் இடம் இருக்கு டிரைவர் சார். வாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் பிரேக்கைப் பிடித்திருப்பார். சக்கரங்கள் நத்தையாக ஊர்ந்தன. மாஸ்டர் அம்மா கையை உயர்த்தினார். வண்டி நின்றது. பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்ட சத்தம் வால்வரை ஓடி அடங்கியது.

"கல்லைத் தாண்டிட்டோம் மேடம்" என்றது கார்டின் குரல்.

மாஸ்டர் அம்மா தன் அறைக்குப் பறந்துபோய்ப் பொத்தானை அழுத்தினார். மெயின் லைனுக்குப் பச்சை விழுந்தது. சிறிது நேரத்தில் ரயில் வந்தே விட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் கைகள் ஆடின. சரக்கு வண்டியிலிருந்து வீட்டுக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். முதல் ஆளாகத் துணிப்பெட்டியோடு இறங்கிய ஒரு பெண்மணி, வெளியே போகிற வழி எது என்று கேட்டார். பாயின்ட்ஸ்மேன் ஒரு பக்கம் கையைக் காட்ட, மாஸ்டர் அம்மா எதிர்ப்பக்கம் காட்டினார். நிலக்கரி அதுவரை அவர்களிடம் வழி கேட்டதே இல்லை. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

ரயில் போனதும் வாக்கிடாக்கி கரகரத்தது. இனி நான் கிளம்பலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"முன்னாடி போற வண்டி அடுத்த ஸ்டேஷனைத் தாண்டட்டும். டீ குடுத்தனுப்புறேன், குடிங்க."

பாயின்ட்ஸ்மேன் டிரைவருக்கும் அவருடைய உதவியாளருக்குமாக இரண்டு டம்ளர்களோடு என்ஜினை நோக்கி ஓடினார்.