பண்ணைக்காரனின் குரல்

அந்த அறையில் இருந்தது நாலு பேர். ஆனால் அந்தக் கௌபாய் படத்தைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் ஐந்து. வக்கீலுக்கு எப்போதுமே இரண்டு இருக்கும்.

வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு போட்டவர் இல்லை. சட்டம் படிக்கப் போய் ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவர். இப்போது வெளிநாட்டில் மெத்தைத் தொழிற்சாலையில் தையல் மிஷின் ஓட்டுகிறார். நாலு பேருக்குமே பிழைப்பு அங்கேதான். ஜெராக்ஸ் ஃபோம் அறுப்பான். யார் குரலை ஒருமுறை கேட்டாலும் அச்சு அசலாகத் திருப்பிப் பேசுவான், அதனால் அந்தப் பேர். மாமா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். அறையை எடுத்தவர் அவர், மற்ற மூன்று பேரையும் வேலையில் சேர்த்து விட்டவரும் அவர். யாருக்கும் ரத்த உறவு கிடையாது, எல்லாருக்கும் மாமா. கடைசியாக வந்து சேர்ந்தவன் பஞ்சு. மெத்தைக்குள் பஞ்சு அடைக்கிற இடத்தில் வேலை. சாயங்காலம் புருவத்தில்கூடப் பஞ்சோடுதான் வருவான். இந்தக் கதை அவனுடையது.

அந்தப் படத்தின் டைரக்டர் என்றால் மாமாவுக்கு உயிர். ரத்தம் தெறிக்கத் தெறிக்கப் படம் எடுக்கிற ஆள். உலகம் முழுக்க அவருக்கு ரசிகர்கள். அந்த ரசிகர்களின் பக்கத்தில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள்: படத்தில் ஒரு காட்சியை எடுத்து அவரவர் பாஷையில் பேசி அனுப்ப வேண்டும். நன்றாக இருப்பதைப் பக்கத்தில் போடுவார்கள். இன்று சாயங்காலத்தோடு கடைசி. இன்றுதான் நாலு பேருக்கும் ஒன்றாக லீவு.

காலையிலிருந்து அறை அறையாக இல்லை. கட்டில்களில் இருந்த மெத்தைகளை எல்லாம் உருவி, மூலையில் சுவர் மாதிரி நிறுத்தி, மேலே ஒன்றைக் கூரையாகப் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு ஆள் குந்தி உட்காரலாம். வெளியே இருக்கிற சத்தம் எறும்பளவுகூட நுழைய வழியில்லை. அதுதான் ரெக்கார்டிங் ஸ்டூடியோ.

படத்தின் வில்லன் ஒரு பண்ணைக்காரன். அவனுக்குக் குரல் பஞ்சுதான். "உடம்பு ஊசி, குரல் உலக்கை" என்று மாமாவே தேர்ந்தெடுத்தார். பஞ்சுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பள்ளிக்கூட நாடகத்தில்கூடத் திரை இழுக்கிற வேலை மட்டும் கிடைத்தவன். அக்காவுக்கு உடனே செய்தி போட்டான். அக்கா பதிலுக்குக் குரல் அனுப்பினாள்: "வந்ததும் எனக்கு அனுப்புடா. அப்பாவுக்குப் போட்டுக் காட்டணும். எம்புள்ள சினிமால பேசறான்னு இப்பவே தெரு பூரா சொல்லிட்டு வந்துட்டாரு."

காட்சி சின்னதுதான். பண்ணைக்காரன் வாசலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். குதிரை பராமரிக்கும் கறுப்பு அடிமை வெயிலில் நிற்கிறான். பண்ணைக்காரன் அவனை ஒரு சொல்லால் கூப்பிட்டு, "குதிரையைப் பிடி. அதுக்கு உன்னைவிட விலை ஜாஸ்தி" என்கிறான். அவ்வளவுதான், அதற்கப்புறம் பேச்சு கிடையாது, துப்பாக்கிதான். பிரச்சினை அந்த ஒரு சொல். ஒரு இனத்தையே ஆடு மாடாக வாங்கி விற்ற காலத்தில் புழங்கிய வசவு. படம் வந்ததிலிருந்து ரசிகர்கள் அதை வைத்துத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

"அந்த வார்த்தைய 'பீப்' போட்டுடலாம்" என்றார் வக்கீல்.

"பிரியாணி போட்டுட்டு கறிய எடுத்துடற மாதிரி" என்றான் ஜெராக்ஸ். "அந்தக் காலத்துல அப்படித்தான் பேசுனாங்க. டைரக்டர் உள்ளதக் காட்றாரு."

"உள்ளதக் காட்றதுக்கும் ருசிச்சு ருசிச்சுக் காட்றதுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி. நம்ம லோடிங்ல ஒரு ஆப்பிரிக்கப் பெரியவர் இருக்காரே, அவங்க ஆளுங்களத்தானே அப்படிச் சொன்னாங்க. அவரு முன்னாடி போயி சொல்லு பாப்போம்."

"ஏன், அவரே அந்தப் படத்த மூணு தடவ பாத்திருக்காரு."

"பாக்கறது வேற, மூஞ்சிக்கு நேரா கேக்கறது வேற."

"இப்ப என்ன சொல்றீங்க, படம் நல்லாருக்கா இல்லியா?"

"பிரமாதமான படம்" என்றார் வக்கீல். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"பாத்தீங்களா மாமா? ரெண்டு பக்கமும் வாய்தா வாங்குற ஒரே வக்கீல்!"

பஞ்சு சிரித்தான். அவன் அந்தச் சொல்லை அசல் பாஷையில் நூறு தடவை பேசிப் பார்த்திருக்கிறான், குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. வெல்லக்கட்டி மாதிரி நாக்கில் உருளும். யாரைச் சொல்கிறோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மாமா கடைசியில் கையைத் தட்டினார்.

"அந்தப் பாஷை வார்த்தைய அப்படியே வச்சா அது தமிழா? கேக்கறவனுக்குச் சுருக்குனு தைக்காது. நம்ம ஊர்ல ஒரு வார்த்தை இருக்குல்ல, அதப் போடு." என்று சொல்லி, அந்த வார்த்தையையும் சொன்னார்.

உப்பு எடு, தண்ணி எடு என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். ஜெராக்ஸ் "ஆஹா" என்றான். வக்கீல் முகத்தைச் சுளித்து, "மாமா, அது கேஸாயிடும்" என்றார். "யாரு கேஸ் போடப் போறா? இங்க இருக்கறது நாமதானே" என்றார் மாமா.

பஞ்சுவின் கை பல் தேய்க்கிற பிரஷ்ஷைத் தேடியது.

பஞ்சுவின் ஊரும் மாமாவின் ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர். வந்த முதல் நாள் மாமா, "எந்தத் தெரு?" என்று கேட்டார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல" என்றான். பொய் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் ஊரே இருந்தது. மாமா அதற்குமேல் கேட்கவில்லை, பஞ்சுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரே தட்டில் சாப்பாடு, ஒரே வண்டியில் வேலைக்குப் பயணம். காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது மாமா. ஆனாலும் ஊர்ப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் பஞ்சு எழுந்து போய்ப் பல் தேய்ப்பான். "இவன் பல்லு தேஞ்சே போயிடும்" என்று ஜெராக்ஸ் கேலி செய்வான்.

மாமா சொன்ன அந்தச் சொல்லை வைத்துத்தான் ஊரில் அவன் அப்பாவைக் கூப்பிடுவார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை.

"என்னடா முழிக்கிற? உள்ள போ" என்றார் மாமா.

பஞ்சு மெத்தைக் கூட்டுக்குள் புகுந்தான். இருட்டு. புழுக்கம். ஃபோன் வெளிச்சத்தில் பண்ணைக்காரன் காலை நீட்டியிருந்தான். உதடு அசைந்த இடத்தில் பஞ்சு வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"கட்" என்றார் மாமா வெளியிலிருந்து. "தண்ணி குடிச்சிட்டுப் பேசு."

இரண்டாவது தடவை அந்தச் சொல்லை மட்டும் முழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னான். மூன்றாவது தடவை இருமல் வந்தது. அப்பா வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்திருப்பார், பக்கத்து வீட்டுக்காரர்கள் சுற்றி நிற்பார்கள், அக்கா ஃபோனை உயர்த்திப் பிடிப்பாள். தன் பிள்ளையின் குரல் முதல்முதலாக வெளியே வந்து அப்பாவை என்னவென்று கூப்பிடும்? வியர்வை கண்ணில் இறங்கியது. வெளியே வந்துவிட்டான்.

"எனக்கு வரல மாமா. பீப்பே போட்டுக்கலாம்."

"இவ்வளவு நேரம் நான் வக்கீல்கிட்ட சண்டை போட்டதுக்கு பீப்பா?" ஜெராக்ஸ் எழுந்தான். "நகரு. ஒரு வார்த்தைதானே மாப்ள, உன் குரல்ல நான் சொல்லிடறேன். மிச்சம் நீ பேசினதுல ஒட்டிக்கலாம். பெத்தவங்களுக்கே வித்தியாசம் தெரியாது."

பஞ்சு தடுக்க வாயெடுப்பதற்குள் உள்ளே போய்விட்டான். மெத்தைகள் அணைத்துக்கொண்டதால் சத்தம் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ஆனால் வந்தது பஞ்சுவின் குரல். அதே கரகரப்பு, அதே அழுத்தம். பஞ்சு இங்கே வெளியே நின்றுகொண்டிருக்க, அவன் குரல் உள்ளே உட்கார்ந்து அப்பாவை அந்தச் சொல்லால் கூப்பிட்டது. ருசித்து, இழுத்து, இன்னொரு தடவையும் கூப்பிட்டது.

பஞ்சு மெத்தையைப் பிடித்து இழுத்தான். கூரையும் சுவரும் சரிந்து ஜெராக்ஸின் தலைமேல் விழுந்தன.

"டேய், பைத்தியமா நீ!"

"அழி."

"நல்லா வந்துருக்குடா, கேட்டுத்தான் பாரேன்."

"அழிடா! எங்கப்பாவ ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவரு இதக் கேக்கப் போறாரு. என் குரல்ல கேக்கப் போறாரு."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே காதில் விழுந்தது. இத்தனை நாள் பல் தேய்த்துத் தேய்த்து மறைத்ததை நடு அறையில் போட்டு உடைத்தாயிற்று.

மெத்தைக்கு அடியிலிருந்து ஜெராக்ஸின் கை மட்டும் ஃபோனோடு வெளியே வந்தது. "அழிச்சிட்டேன்" என்றது. இப்போது அவனுடைய சொந்தக் குரல், மெலிசாக. "சத்தியமா தெரியாதுடா."

வக்கீல்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன்ல. காலைலருந்து இதத்தான் கத்திட்டு இருக்கேன். யாரக் கேட்டாலும், தம்பி, நாங்கல்லாம் அந்த மாதிரி பாக்கறவங்க கிடையாது..."

"அண்ணே" என்றான் பஞ்சு. "கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். முதுகைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன சொல்லப் போகிறார்? வேறு அறை பார்த்துக்கொள் என்பாரா? ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிடுவாரா? இரண்டில் எது மோசம் என்று பஞ்சுவுக்குத் தெரியவில்லை.

"விடு" என்றார் மாமா திரும்பாமலே. "போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அதைக் கேட்டதும்தான் பஞ்சுவுக்குக் கோபம் வந்தது. அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"வேணும்" என்றான். "நான் பேசறேன். அந்த வார்த்தை இல்லாம பேசறேன். மெத்தையத் தூக்குங்க."

மறுபடி கூடு எழுந்தது. யாரும் ஜோக் அடிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் பஞ்சு படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். ஊரில் அப்பாவைக் கூப்பிடுகிறவர்கள் கத்த மாட்டார்கள். கத்துவதற்கு அவர்களுக்கு என்ன அவசரம்? வெற்றிலையோ என்னவோ வாயில் கிடக்கும். இந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள். பல நாள் அந்தச் சொல்கூட வராது. நாக்கை மேலே ஒட்டி இழுத்து ஒரு சத்தம் கொடுப்பார்கள், மாட்டுக்குக் கொடுக்கிற சத்தம். அப்பா ஓடுவார்.

கண்ணைத் திறந்தான். பண்ணைக்காரனின் உதடு அசையப் போகும் இடத்தில் அந்தச் சத்தத்தைக் கொடுத்தான்.

அப்புறம், தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவன் மாதிரி, பாசமாகவே சொன்னான்: "குதிரையப் பிடிப்பா. அதுக்கு உன்னவிட வில ஜாஸ்தி."

வெளியே வந்தபோது வக்கீல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான், குளிரில் நிற்கிறவன் மாதிரி. "வார்த்தையே இல்ல" என்றான். "ஆனா அதவிடக் கேவலமா இருக்குடா." எந்தக் குரலையும் விட்டுவைக்காதவன், அந்தச் சத்தத்தை மட்டும் திருப்பிச் செய்துபார்க்கவில்லை.

மாமா இப்போது திரும்பியிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அந்தச் சத்தம்... யாரு குடுத்துக் கேட்ட?"

"நெறைய பேரு மாமா."

"எங்க பெரியப்பா அப்படியே குடுப்பாரு" என்றார் மாமா. "தாத்தா குடுப்பாரு. நானும் சின்ன வயசுல..." நிறுத்திக்கொண்டார். "உங்கப்பா எங்க ஊருப் பக்கம் வேலைக்கு வருவாரா?"

"அறுப்புக்கு வருவாரு."

ஜெராக்ஸ் காட்சியை ஒட்டிப் போட்டியின் பக்கத்துக்கு அனுப்பினான். பஞ்சுவுக்கும் ஒன்று அனுப்பினான். பஞ்சு அதை அக்காவுக்குத் தட்டிவிட்டான். அக்கா அதைப் பார்த்ததற்கு அடையாளம் உடனே விழுந்தது. அப்பாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். நன்றாகவே தெரியும். பிள்ளை எதைச் செய்திருக்கிறான் என்று புரிந்துகொள்வாரா, இல்லை, பெஞ்சிலிருந்து எழுந்துவிடுவாரா?

மாமா அவன் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கை வைக்கத் தூக்கியவர், வைக்கலாமா என்று தெரியாமல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

"தம்பி" என்றார். இதுவரை டேய் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அப்பா பேசுவாரா இப்ப?"

"பேசுவாரு."

"ரூம்ல கூட யாரு யாரு இருக்காங்கன்னு கேட்டா..." மாமா குரலை இறக்கினார், வக்கீலுக்கும் ஜெராக்ஸுக்கும் கேட்காத அளவுக்கு. "நான் எந்த ஊரு, யாரு வீடுன்னு மட்டும் சொல்லாத. சரியா?"

பஞ்சு அவரை நிமிர்ந்து பார்த்தான். மாமா தெருவைக் கேட்ட முதல் நாள் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது.

கையில் ஃபோன் அடித்தது. அக்கா. பஞ்சு பச்சையை இழுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்பாதான்.