பிக்கப் வண்டியின் தொட்டி

தம்பி இறந்து இரண்டு மாதம் கழித்து, அண்ணன் தன் பிக்கப் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். தம்பி இறந்த அன்று வண்டியை ஓட்டியவன் அவன்தான். தம்பி பின்னால் தொட்டியில் மூட்டைகளோடு உட்கார்ந்து வந்தான். ஒரு வளைவில் வண்டி தூக்கிப்போட்டது. திரும்பிப் பார்த்தபோது தம்பியைக் காணோம்.

“தொட்டியக் கழட்டி எடுத்துடுங்க.”

“அப்புறம் சரக்க எதுல ஏத்துவீங்க?”

“இனி எதையும் ஏத்தப்போறதில்ல.”

மெக்கானிக் வண்டிக்கு அடியில் குனிந்தார். பின்விளக்கு வயரைப் பிரித்தார். டீசல் ஊற்றும் குழாயைத் தளர்த்தினார். துருவேறிய எட்டு போல்ட்டுகளையும் எண்ணெய் விட்டுக் கழற்றினார். சங்கிலி மாட்டித் தொட்டியைத் தூக்கும்போது தம்பியின் மனைவி சேதி கேட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா? அவர் கடைசியா உட்கார்ந்த இடம் அது.”

அவன் தலை தானாகக் குனிந்தது.

“பழைய இரும்புக்குப் போடச் சொல்லிட்டேம்மா.”

“வேணாம். நான் எடுத்துட்டுப் போறேன்.”

அதை ஏற்றிப்போக வேறொரு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. முன்னிருக்கையில் ஏறியவள் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தொட்டி இப்போது அவள் வீட்டு வாசலில் கிடக்கிறது. அவன் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை.