நூறாவது பதக்கத்தன்று பகவதியப்பன் இறந்த விதம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குளித்து, தலைப்பாகை கட்டி, அய்யா வழிக்காரர்களின் தலமான சாமித்தோப்பு இருக்கும் திசையைப் பார்த்து நின்று, பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சத்தியம் செய்கிறேன். பல்செட்டோடு செய்தால் அது நாகர்கோவிலில் வாங்கிய பல்லின் சத்தியமாகப் போய்விடும்.

சுபிதா அப்பாவின் தாடையைத் தூக்கித் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, மைதானத்தில் மைக் செட்டுக்காரன் “ஹலோ, ஹலோ, டெஸ்டிங்” என்றான்.

“பைய கெட்டு மக்கா. அவியளுக்கு நோவும்” என்றாள் அம்மா செல்லவடிவு.

“செத்தவருக்கு என்னம்மா நோவு?”

“உனக்கு உனக்க அப்பாவைத் தெரியாது.”

பகவதியப்பன் விடிவதற்குச் சற்று முன்னால் போயிருந்தார். ஒரு மாதமாகக் கஞ்சித்தண்ணியில் கிடந்த மனிதர். கடைசியாக அவர் வாயில் வந்தது அய்யாவின் பெயர் இல்லை. “முருகதாஸ் மைக்கு கெட்டிட்டானா?” என்று கேட்டார். கட்டிவிட்டார் என்று சுபிதா சொன்னாள். அவர் வேலை முடிந்தவர்போல மூச்சை விட்டார். அதன்பிறகு இழுக்கவில்லை; கண் மட்டும் திறந்தே இருந்தது.

அம்மா அழ வாயெடுத்தாள். சுபிதா அவள் கையைப் பிடித்தாள்.

“இப்ப வேண்டாம்மா. அப்பா மேச்சு பாக்கட்டும்.”

காரணம் இருந்தது. அந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை மைக் பேசாது, மேளம் கொட்டாது, உயிரோடிருக்கும் எவருக்கும் மாலை மரியாதை கிடையாது. ஆனால் ஒருவர் மூச்சை விட்டுவிட்டதால் மட்டும் அது சாவாகிவிடாது. சங்கு ஊத வேண்டும். அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலில், பணிவிடை என்கிற பூசை நேரத்தில் விட்டுவிட்டு ஊதுவார்கள். சாவுக்கு ஒரே மூச்சு. அதுவரை பகவதியப்பன் ஊர்க்கணக்கில் உயிரோடுதான் இருந்தார்.

அன்று காலை ஏழு மணிக்கு ஆசியப் போட்டியில் பெண்கள் கபடி இறுதி ஆட்டம். தைவான் பெண்களை ஜெயித்தால் தங்கம், தோற்றால் வெள்ளி; எப்படியும் இந்தியாவுக்கு அது நூறாவது பதக்கம். கபடி கிளப் தலைவர் முருகதாஸ் மைதானத்தில் பெரிய திரை நிறுத்தியிருந்தார். செண்டைமேளத்துக்கு ஆள் வந்திருந்தது. ஒரு அண்டா கேசரி வெந்துகொண்டிருந்தது. முடிவில் தனக்குத் தானே ஒரு பொன்னாடையும் ஏற்பாடு செய்திருந்தார். வாசல் ஃபிளெக்ஸில் ‘இந்திய முகாம் கண்ட வீராங்கனை ஜிஷாவின் தந்தை’ என்று அவர் படம் ஆளுயரத்துக்கு நின்றது. விளையாடப் போகிற பெண்கள் கீழ் ஓரத்தில் தீப்பெட்டிப் படம் அளவுக்கு இருந்தார்கள்.

“அவன் பொன்னாடை போத்துக அன்னைக்குத்தான் நான் சாவேன். அதுவரைக்கும் எமன் வாசல்ல நிக்கட்டு” என்று பகவதியப்பன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்தியர் இரண்டு தடவை கைவிரித்தார். இரண்டு தடவையும் பகவதியப்பன் அவரைத் திட்டி அனுப்பினார்.

அய்யா வழிக்காரர்கள் பிணத்தைக் கிடத்தி அடக்குவதில்லை. சம்மணமிட்டு வடக்குப் பார்த்து உட்கார வைத்துத்தான் அடக்குவார்கள். உடம்பு விறைப்பதற்குள் அப்படி உட்கார வைத்துவிட வேண்டும். அம்மாவும் மகளும் முன்னறையில் அகலமான பிரம்பு நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். நெற்றியில் நாமம் இட்டார்கள். தாடைக்கட்டு மறைகிற மாதிரி தலைப்பாகை கட்டினார்கள். அந்த வீட்டில் டி.வி. வடக்குச் சுவரில் இருந்தது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. ரிமோட் அவர் கைக்குள் இருந்தது. எடுக்கப் பார்த்தார்கள். விடவில்லை. விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முருகதாஸ். கரைவேட்டி, சந்தனம், கழுத்தில் கிளப் அட்டை. அவர் செல்லவடிவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, சுபிதாவுக்கு மாமா. ஒரு வாரமாக யாரையாவது அனுப்பி “அத்தானுக்கு எப்படி இருக்கு?” என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். பாசம் என்று ஊரில் சிலர் நினைத்தார்கள்.

வாசற்படியில் நின்று எட்டிப்பார்த்தவருக்கு முகம் மலர்ந்தது.

“அத்தான் எழும்பி இருக்காரே! கொள்ளாம், கொள்ளாம். தலைப்பாகையெல்லாம் கெட்டியாச்சு. மேச்சு பாக்கியளா அத்தான்? இங்கயே பாருங்க, மைதானத்தில ஒரே கூட்டம். உங்களுக்குப் புழுங்கும்.”

பகவதியப்பன் பதில் சொல்லவில்லை. பதிமூன்று வருடமாக அவர் முருகதாஸுக்குப் பதில் சொன்னதில்லை என்பதால் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முருகதாஸ் ஐந்து நிமிடம் பேசினார். கேசரியில் எவ்வளவு நெய் என்று சொன்னார். பிறகு ஒரு ஈ வந்து பகவதியப்பனின் கண்மணியில் உட்கார்ந்தது. போகவில்லை.

முருகதாஸ் ஈயைப் பார்த்தார். சுபிதாவைப் பார்த்தார்.

“எப்ப?” என்றார் மெதுவாக.

“இன்னும் இல்ல மாமா” என்றாள் சுபிதா. “நான் சங்கு ஊதச் சொன்னாத்தான்.”

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“ரெண்டு மணிக்கூறு மக்கா. ஒரே ஒரு மேச்சு. அதுக்குப் பொறவு நானே வந்து மாரடிச்சு அழுகேன்.”

“நீங்க அழ வேண்டாம். ஒரு காரியம் சொன்னாப் போரும்.”

“என்னத்த?”

“இரணியல்ல வண்டி நிக்காதுன்னு தெரிஞ்சுதான் எங்களை அங்க போய் நிக்கச் சொன்னேன்னு. மைக்கில.”

முருகதாஸ் நாற்காலியைத் தேடினார். இருந்த ஒரே நாற்காலியில் பகவதியப்பன் இருந்தார்.

பதிமூன்று வருடத்துக்கு முன்னால், ஆசியப் போட்டியில் பெண்கள் கபடியை முதன்முதலாகச் சேர்த்த வருடம். வடக்கே நடந்த முகாமுக்கு இந்தக் கிளப்பிலிருந்து இரண்டு பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருத்தி சுபிதா. ஒரு மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிவருகிறவள். இன்னொருத்தி முருகதாஸின் மகள் ஜிஷா. இருவரில் ஒருத்திக்குத்தான் அணியில் இடம் என்று பேச்சு. டிக்கெட் இரண்டும் முருகதாஸ் கையில். “நாகர்கோவில் வரைக்கும் எதுக்கு அலையணும்? இரணியல்ல ஏறிக்கோங்க. கார்டுகிட்ட பறஞ்சு வச்சிருக்கேன்” என்றார் அவர். அப்பாவும் மகளும் நம்பினார்கள். அம்மாவின் தம்பி அல்லவா. வண்டி வந்தது. வேகம் குறையவே இல்லை. ஒரு ஜன்னலில் ஜிஷா ஏத்தம்பழம் தின்றுகொண்டிருந்தாள். பகவதியப்பன் சுபிதாவின் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் தீரும்வரை ஓடினார். தீர்ந்த பிறகும் கொஞ்சம் ஓடினார்.

ஜிஷா பத்து நாளில் கணுக்கால் பிசகித் திரும்பிவந்துவிட்டாள். பிறகு நர்ஸ் படித்து குவைத்துக்குப் போனாள். சுபிதா அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கப் போனாள். இப்போது அங்கே மேஸ்திரி.

“அது பழைய கதைல்லா மக்கா. வண்டி நிக்கும்னுதான் நானும் நெனச்சேன்.”

“அப்போ சங்கு ஊதிருவோம்.”

“அக்கா, நீயாவது சொல்லு இவகிட்ட! நாட்டுக்கே நல்ல நாளு. கேசரி என்னத்துக்காவும்?”

செல்லவடிவு எழுந்து அடுக்களைக்குப் போனாள். ஒரே ஒரு தம்ளர் கட்டஞ்சாயா கொண்டுவந்தாள். தம்பி கையை நீட்டினார். அவள் அதைக் கொண்டுபோய்ப் புருஷனின் காலடியில் வைத்தாள்.

முருகதாஸ் நீட்டின கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“சரி. சொல்லுகேன். ஜெயிச்ச பொறவு சொல்லுகேன்.”

“அப்பா மேல கையை வச்சுச் சொல்லுங்க.”

அவர் பகவதியப்பனின் முழங்காலில் கை வைத்தார். சொன்னார். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வீட்டு டி.வி.யில் ஆட்டம் முந்தி வரும். மைதானத்துத் திரை இன்டர்நெட்டில் ஓடியதால் கொஞ்சம் பிந்தி வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் முதலில் இந்த அறையில் மௌனம், பிறகு தூரத்தில் கூச்சல். முதல் பாதியில் நம் பெண்கள் முன்னால் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் தைவான்காரிகள் எட்டிப் பிடித்தார்கள். நம் பெண் ஒருத்தி கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு போனாள். சுபிதாவின் உதடும் அவளோடு சேர்ந்து முணுமுணுத்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

“காலைப் பாருட்டி, காலைப் பாரு, வாருகா பாரு!” என்று அம்மா டி.வி.யைப் பார்த்துக் கத்தினாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில் டி.வி.யின் சத்தக் கோடு தானாக இரண்டு கட்டம் ஏறியது. அம்மா பார்த்தாள். சுபிதா பார்த்தாள். இரண்டு பேரும் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. ஆட்டம் அப்படி.

ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். திரையில் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து அழுதார்கள். மைதானத்தில் இன்னும் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் ஊர் முழுக்கத் தங்கம் இந்த ஒரு வீட்டில்தான் இருந்தது. சுபிதா அப்பாவின் தலைப்பாகையை விலக்கிக் காதருகே குனிந்தாள்.

“ஜெயிச்சாச்சுப்பா.”

பிறகுதான் வெடியும் செண்டையும் கூச்சலும் வந்தன. அவை அடங்கியபின் மைக் கரகரத்தது.

“அன்பார்ந்த ஊர்ப் பெருமக்களே! இந்தத் தங்கத்துக்கு இந்த மண்ணுல விதை போட்டது யாரு? நான் என் வாயால சொல்லப்படாது. ஆனா ஒரு உண்மையை இன்னைக்கு நான் சொல்லியாகணும்...”

சுபிதா எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“பதிமூணு வருசத்துக்கு முன்னால, நம்ம இரணியல் ஸ்டேஷன்ல நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். வண்டி எப்ப வரும், எங்க நிக்கும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியும், நேரத்துக்கு வந்து சேராத சில பேரு இருக்கத்தான் செய்யுகாவ. நான் பேரு சொல்ல விரும்பல...”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

சுபிதா திரும்பியபோது அம்மா அலமாரியைத் திறந்திருந்தாள். அப்பா தாங்கலில் பணிவிடை செய்த காலத்துச் சங்கு. முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள்.

“இசக்கிப் பாட்டாவைக் கூட்டிட்டு வரட்டா?” என்றாள் சுபிதா. சாவுச் சங்கு ஊதுவது ஊரில் அவர்தான். பெண்கள் ஊதியதில்லை.

“அவரு கேசரிக்கு வரிசைல நிப்பாரு. நீ ஊது.”

சுபிதா முற்றத்துக்கு வந்தாள். கோட்டுக்கு முன்னால் நிற்பதுபோல வலது காலை முன்வைத்து நின்றாள். வயிற்றுக்குள் மூச்சை இழுத்தாள்.

“...ஆனா எனக்க மவ ஜிஷா மட்டும்...”

அந்தச் சங்கைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். முட்டத்துக் கடலில் நின்ற வள்ளங்கள், கலங்கரை விளக்கம்தான் கத்துகிறது என்று கரைக்குத் திரும்பியதாகச் சொல்வது மிகை. குளச்சலில் மீன் ஏலம் நின்றது. அது மட்டும்தான் உண்மை. மூச்சு போய்க்கொண்டே இருந்தது. முதலில் செண்டைக்காரர்கள் கோலைக் கீழே வைத்தார்கள். பிறகு மைக் செட்டுக்காரன் வயரைப் பிடுங்கினான். இசக்கி கேசரி இலையைத் தரையில் வைத்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, யார் தன் வேலையைச் செய்வது என்று பார்த்தார். மூச்சு இன்னும் போய்க்கொண்டிருந்தது. மேடையில் முருகதாஸின் வாய் அசைந்துகொண்டிருந்தது. மகளைப் பற்றி என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது.

சங்கை இறக்கியபோது சுபிதாவின் மூக்கிலிருந்து ஒரு கோடு ரத்தம் வழிந்திருந்தது. அம்மா உள்ளே இருந்து அழத் தொடங்கினாள். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை.

மைதானம் அப்படியே வீட்டுக்கு வந்தது. கன்னத்தில் மூவர்ணம் பூசிய பெண்பிள்ளைகள் அதைத் துடைக்க மறந்து பகவதியப்பனைச் சுற்றி நின்றார்கள். கடைசியாக முருகதாஸ் வந்தார். பிளாஸ்டிக் உறையோடு பொன்னாடையைக் கையில் வைத்திருந்தார். எல்லோரும் பார்க்கும்படி உறையைப் பிரித்து, அதைப் பகவதியப்பனின் தோளில் போர்த்தி, “அத்தான்...” என்று குரலை எடுத்தார்.

சுபிதா பொன்னாடையை எடுத்தாள். மடிப்புக் கலையாமல் மடித்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள்.

“உங்களுக்கு வாங்கினதுல்லா மாமா. நீங்களே வச்சுக்கிடுங்க.”

அவர் உட்காரப் பார்த்தார். யாரும் இடம் விடவில்லை. 

மதியம் எடுத்தார்கள். உட்கார்ந்த நிலையில் பகவதியப்பனைத் தூக்க ஆள் கூப்பிட்டபோது, மைத்துனன் முறை என்று முருகதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

செல்லவடிவு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகையை நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்:

“ஆளு தெகஞ்சாச்சு.”

ஆள் நிறையவில்லை, இடது பக்கம் ஒரு தோள் குறைவாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் அது தெரிந்தது. சுபிதா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கே போய்க் குனிந்தாள். பகவதியப்பன் எழுந்தார், சற்றே இடது பக்கம் சாய்ந்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு போனார்.

வீட்டு வாசலில் கேட்பாரற்று நின்ற முருகதாஸின் கையிலிருந்த பிளாஸ்டிக் உறை வெயிலில் மினுங்கியது.

அந்த ஆசியப் போட்டியைக் கொரோனாவினால் ஒரு வருடம் தள்ளி நடத்தினார்கள். பகவதியப்பன் இறந்தது, அது முதலில் நடக்க வேண்டியிருந்த வருடத்தில். எப்படி என்று என்னைக் கேட்கக் கூடாது; சத்தியம் செய்தபோது என் வாயில் பல்லே இல்லை.