வசவும் ஒரு மேற்கோள்தான்

ஆய்வகத்தில் எல்லோரும் நத்தைக்காரி என்று கூப்பிடும் அவளுக்கு, அக்காள் கணவர் மேல் பல வருஷக் கோபம். கோபம் என்று சொன்னால் குறைச்சல், வன்மம்தான்.

இருவருக்கும் ஒரே ஆய்வகம். இடம் மாற்றி விட்டால் நத்தைகள் பழைய இடத்துக்குத் திரும்புமா என்று பார்க்க, மழைக்காலம் முழுக்க ஈரமண்ணில் குனிந்து ஓடுகளில் சாயப்புள்ளி வைத்தவள் அவள். அந்தக் குறிப்புகளை, "பாத்துட்டுத் தர்றேம்மா" என்று வாங்கிப் போன மாமா, தன் பெயரை மட்டும் போட்டுக் கட்டுரையாக்கிவிட்டார். கடைசியில் ஒரு வரி: 'வீட்டார் உதவிக்கு நன்றி.' அதைப் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருடிய அவசரத்தில் மாமா ஒன்றைக் கேட்க மறந்திருந்தார். நீலப்புள்ளி வைத்தவை இடம் மாற்றியவை, சிவப்பு மாற்றாதவை. அவர் அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, வழி தவறிப்போன நத்தைகளெல்லாம் பத்திரமாகத் திரும்பிவிட்டதாக எழுதிவிட்டார்.

அவள் விடுவாளா? அதன்பின் எழுதிய ஒவ்வொரு கட்டுரையிலும் மாமாவைப் பெயர் சொல்லி இழுத்துவைத்துக் கிழி கிழியென்று கிழித்தாள்.

ஆய்வகத் தலைவர் பதவி காலியானது. மாமாவும் அவளும் இன்னும் சிலரும் போட்டியில் இருந்தார்கள். தேர்வுக் குழுவுக்கு மேற்கோள் கணக்கைத் தயாரித்த நூலகர், ஒருநாள் கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

"அம்மா, உங்க மாமாதான் முதல்ல வர்றார். நீங்க ரெண்டாவது."

"அந்தத் தப்புக் கட்டுரைக்கா?"

"தப்பா சரியான்னு யாரு பாக்கறா? எத்தனை தடவை எடுத்துக் காட்டியிருக்காங்கன்னுதான் கணக்கு. முக்கால்வாசி நீங்க காட்டினதுதாம்மா."

இத்தனை வருஷமாகத் திட்டித் திட்டி, தன் கையாலேயே அந்த மனுஷனைத் தூக்கி உட்காரவைத்திருக்கிறாள்!

"மொத்தமே கொஞ்சம் மேற்கோள்தானே? அதுக்கா முதலிடம்?" என்றாள்.

"அவங்கவங்க துறை ஆட்களோட வெச்சுத்தான் ஒப்பிடுவாங்க. நத்தையை உலகத்துல எத்தனை பேரு ஆராயறாங்க? உங்க துறையில இதுவே மலை. மருத்துவத்துல இது தூசு."

அப்போதுதான் மாமா சென்ட் வாசனையோடு உள்ளே நுழைந்தார். குழு அனுப்பிய விதிமுறைகளைப் படிக்கும் பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"சார், உங்களை எந்தத் துறையில போடட்டும்? நத்தைதானே?" என்றார் நூலகர்.

மாமாவின் முகம் சுருங்கியது. நத்தைக் கோழை காயத்தை ஆற்றும் என்று எப்போதோ ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் சம்பந்திகளிடமெல்லாம் தான் மருத்துவ ஆராய்ச்சியாளர் என்றே சொல்லிக்கொள்வார்.

நத்தைக்காரி பச்சைப்பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டாள். "நத்தை எனக்குங்க. மாமா மருத்துவமாச்சே!"

"சார், மருத்துவத்துல போட்டா..." நூலகர் தயங்கினார்.

"உங்களுக்கு அது தாங்காதுன்னு நினைக்கறார் போல, மாமா."

"எனக்கா தாங்காது? மருத்துவம்னே போடுய்யா!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாமா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார். நூலகர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

முடிவு வந்தபோது மாமா பட்டியலின் அடியில் கிடந்தார். தலைவர் அறைச் சாவி நத்தைக்காரி கைக்கு வந்தது. அன்று மாலையே அக்கா போன் செய்தாள்.

"அவர் சாப்பிடாம சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கார்டி. நீ பக்கத்துல இருந்தியாமே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொன்னேனேக்கா."

அக்காவுக்காக ஒரு கணம் வருத்தமாக இருந்தது. மாமாவுக்காக அந்த ஒரு கணமும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் புத்தகம் கொடுக்க வந்த நூலகர், அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்த கட்டுரையை எட்டிப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே மாமாவின் பெயர்.

"இன்னுமா? இனிமேலாவது அவரை விட்டுடுவீங்கன்னு நினைச்சேன்."

"இனிமேதாங்க ஆசை தீரத் திட்டலாம்" என்றாள் அவள். "மருத்துவத்துல அவருக்கு ஒரு மேற்கோள் கூடினா யாரு கண்ணுல படப்போகுது? திட்டு திட்டாவே போய்ச் சேரும்."